உப்பிலி பிடித்த வடம்

இரண்டு மேல்துண்டுகள், ஒரு கதர் ஜிப்பாவின் வலது கை, என் தாயார் துணி உலர்த்தும் கொடிக் கயிற்றில் பாதி, இவ்வளவையும் இழந்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதும் யோக்கியதை எனக்கு ஏற்பட்டது. இழந்தவற்றின் ஜாபிதாவில் இன்னும் ஒன்று சேர்ந்துவிட இருந்தது. அது ஒரு நாய். நாயுடன் கயிறு இழுத்து விளையாடுவதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிக்க வேண்டும். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான்.

நாங்கள் குடியிருப்பது புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பெரிய முதலியார்சாவடியில். சின்ன முதலியார்சாவடி என்று பக்கத்தில் ஒரு தம்பியும் உண்டு. மேற்கே 1968-ம் ஆண்டு பிறந்த ஆரோவில், கிழக்கே மீனவர் குப்பம், அதற்கப்பால் கடல். இதே சாலையில் வடக்கே ஒரு மணி நேரத்திற்குள் சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். வானத்தையும் வெயிலையும் தவிர வேறொன்றும் இல்லாத இடம் அது. பாத்தி பாத்தியாக நீர் கட்டி, அது வற்றி வெண்மையாகப் படியும். வாரிய உப்பைக் குவித்து, மழைக்குக் கரைந்துவிடாமல் ஓலையால் மூடி வைத்திருப்பார்கள். ஒரு மாசி மாதத்து நண்பகலில், ஒரு உறவினர் காரியமாக அந்தப் பக்கம் போயிருந்தேன். அத்தகைய உப்புக் குவியல் ஒன்றின் நிழலில், ஒரு முழ அகலம்கூட இல்லாத அந்த நிழலில், சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. பிறந்து இரண்டு மாதம் இருக்கக்கூடிய நாய்க்குட்டி.

"இதன் தாய் சாலையில் அடிபட்டுப் போய்விட்டது ஐயா. இந்த வெயிலில் இது பிழைக்காது. எடுத்துக்கொண்டு போங்கள், புண்ணியமாய்ப் போகும்" என்றாள் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்.

புண்ணியத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இருந்ததில்லை. ஆனால் அந்தக் குட்டி என் மேல்துண்டின் நுனியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதாவது, எங்கள் கயிறு இழுக்கும் ஆட்டத்தின் முதல் சுற்று அங்கேயே நடந்து, நான் தோற்றும் போனேன்.

உப்பளத்திலிருந்து வந்த காரணத்தால் என் மகள் அதற்கு உப்பிலி என்று பெயர் வைத்தாள். உப்பிலே பிறந்ததற்கு உப்பே இல்லை என்று பெயர் வைப்பதுதான் அவளுக்கு வேடிக்கை. என் தாயாருக்கோ அது ஒப்பிலியப்பன் சந்நிதியை நினைவூட்டும் பெயர். "சுவாமி பெயரை நாய்க்கு வைக்கலாமாடா?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில், "உப்பிலி! வாசலை விட்டு எழுந்திரு, கோலம் போட வேண்டும்" என்று அவள் குரல் கேட்டது. பெயர் நிலைத்துவிட்டது.

என்ன ஜாதி நாய் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாட்டு நாய் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றும். நம் ராஜபாளையத்து நாய் 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் தலையிலேயே இடம் பெற்றது. சிப்பிப்பாறையும் கோம்பையும் பெயர் பெற்றவை. ஆனால் தெருவில் திரியும் நாய்க்கு மட்டும் இன்னும் மரியாதை வரவில்லை. பனிமலையில் வண்டி இழுக்கப் பிறந்த நாயை விலை கொடுத்து வாங்கி வந்து, நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்க வைத்திருக்கும் கனவான்கள் எங்கள் சாலையிலேயே இருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

குட்டி வளர்ந்தது. ஈறு ஊறியதோ என்னவோ, கண்டதையெல்லாம் கவ்விற்று. நான் ஆபீஸிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்தால், என் துண்டின் ஒரு முனை அதன் வாயில் இருக்கும். நான் மறு முனையை இழுப்பேன், அது உறுமும், குழந்தைகள் கை கொட்டுவார்கள். உற்சாகம் தாங்காமல், துண்டை மேலே தூக்கி, நாயையும் அதோடு தூக்கி, ஊஞ்சல் போல ஆட்டிக் காட்டுவேன். பல்லால் பிடித்துத் தொங்கும் அந்தச் சாகசத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வந்துவிடுவார்கள். இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் மைத்துனர் ஒருவர் நாய்களைப் பற்றிச் சகலமும் அறிந்தவர். "அத்திம்பேர், ஒன்று மட்டும் சொல்கிறேன். இழுக்கிற ஆட்டத்தில் நாயை ஜெயிக்க விடாதீர்கள். ஒரு தரம் ஜெயித்துவிட்டால் வீட்டுக்கு எஜமானன் தான்தான் என்று அதற்கு எண்ணம் வந்துவிடும்" என்று எச்சரித்தார். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் நான் துண்டை வெடுக்கென்று பிடுங்கி, உயரத் தூக்கிக் காட்டி, ஜயகோஷம் செய்வேன். இரண்டு மாதக் குட்டியாக வந்து, ஐந்தாவது மாதத்தில் இருந்த ஒரு ஜீவனிடம் என் எஜமானத்துவத்தை இவ்விதம் நிலைநாட்டினேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழவழப்பான கூடத்துத் தரை. என் ஒன்பது வயது மகன் ஒரு பழைய கைத்துண்டை எடுத்துக்கொண்டான். ஒரு சாண் நீளத்துக்குமேல் இராது. "விடாதே, இழு!" என்று நானே நாற்காலியிலிருந்து தூண்டினேன். பையனிடம் சொன்னேனா, நாயிடம் சொன்னேனா என்பது எனக்கே தெரியாது. உப்பிலியின் கால் வழுக்கிற்று. பிடி தளர்ந்தது. தளர்ந்த பிடியைச் சரி செய்துகொள்ள அது வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் மேலே கவ்விற்று. அங்கே துண்டு இல்லை. பையனுடைய கை இருந்தது.

கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. நாயும் கத்திக்கொண்டு மூலைக்கு ஓடிற்று. பிற்பாடு கூட்டும்போது கூடத்தில் அரிசி போல் ஒரு பால்பல் கிடைத்தது.

வீட்டில் அமளி. ஒருவர் மிளகாய்ப் பொடி என்றார்; ஒருவர் சுண்ணாம்பு என்றார்; என் தாயார் மஞ்சளோடு வந்தாள். அதிர்ஷ்டவசமாக என் மனைவி எதற்கும் காது கொடுக்காமல் பையனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவினாள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது, "என்ன போட்டீர்கள்?" என்பதுதான். சோப்பும் தண்ணீரும் மட்டும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வீட்டு நாய், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "குட்டிக்கு ஒரு ஊசிதானே ஆகியிருக்கிறது? ரத்தம் வந்த காயத்தில் யோசனைக்கு இடமில்லை" என்று காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் ஊசியும் போட்டார். 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் மறுபடி வரச் சொன்னார். நாயைக் கண்ணை விட்டு அகலாமல் 10 நாள் கவனிக்கவும் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று என் தாயார் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் ஒழிந்து இருபது வருஷமாகிறது என்று அறிந்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். 1907-லேயே நம் குன்னூரில் அவர் பெயரால் ஸ்தாபனம் ஏற்பட்டது. இருந்தும் நாய்க்கடிக்கு மிளகாய்ப் பொடியைத் தேடும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. என் வீடும் அரை நிமிஷ நேரம் அவற்றில் ஒன்றாக இருந்தது.

அன்று இரவு குடும்ப சபை கூடியது. என் தாயார் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்: "எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டு போய் விட்டுவிடு." மைத்துனர் தொலைபேசியில் ஆமோதித்தார்; ஜெயிக்க விட்டிருப்பீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். என் மனைவி பேசவில்லை. கட்டுப் போட்ட கையுடன் என் மகன் எழுந்து வந்து, "உப்பிலி கடிக்கவில்லை அப்பா. அது துண்டைத்தான் பிடித்தது. என் கை குறுக்கே இருந்தது" என்றான்.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து தூண்டிவிட்டவன் நான்தான் என்று அந்தச் சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய்க்கோ தன் கட்சியை எடுத்துச் சொல்ல வழியே இல்லை. மாடிப் படியின் அடியில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. தருமபுத்திரர் ஒரு நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்குள் நுழைய மாட்டேன் என்றாராம். நான் சுவர்க்கத்தின் பக்கமே போகாத ஆள்; இருந்தாலும், 10 நாள் கவனிக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதைச் சாக்காக வைத்து அவகாசம் வாங்கினேன்.

அந்த 10 நாளுக்குள் கால்நடை வைத்தியம் செய்யும் டாக்டர் அம்மாள் ஒருவரிடம் உப்பிலியைக் கொண்டு போனேன். நடந்ததைக் கேட்டு அவர் நாயைப் பரீட்சை செய்யவில்லை. என்னைப் பரீட்சை செய்தார்.

"தூக்கி ஆட்டினீர்களா?"

"ஆமாம்."

"உங்களைப் பல்லால் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி யாராவது தூக்கினால் எந்த இடம் வலிக்கும் சார்?"

கழுத்து என்றேன். நாய்க்கும் அங்கேதான் என்றார். நாயின் கழுத்தெலும்பு பக்கவாட்டில் வளைந்து கொடுப்பது போல, மேலும் கீழும் வெடுக்கென்று இழுப்பதைத் தாங்காதாம். அதிலும் குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். ஆடிக்கொண்டிருக்கும் பல்லோடு ஒரு குழந்தையைக் கரும்பு கடிக்கச் சொல்வோமா?

மைத்துனரின் சித்தாந்தத்தைச் சொன்னேன். டாக்டர் அம்மாள் சிரித்துவிட்டார். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ஷெங்கல் என்ற விஞ்ஞானி 1947-ல் எழுதிய ஆராய்ச்சியிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. ஓநாய்க் கூட்டத்தில் ஒருவனுக்கு ஒருவன் மேலே வரச் சதா சண்டை போடுகிறான், நாயும் அப்படித்தான் என்று உலகம் எடுத்துக்கொண்டது. காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பமே என்று பிற்பாடு தெரிந்தது. நாம் விடுதலை பெற்ற அதே வருஷத்தில் நாய்களுக்கு இப்படி ஒரு தளை விழுந்திருக்கிறது! 2002-ல் இங்கிலாந்தில் ரூனி, பிராட்ஷா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு இந்த இழுக்கும் ஆட்டத்தையே ஆடிப் பார்த்தார்கள். 20 தடவை நாயை ஜெயிக்க விட்டார்கள். 20 தடவை தோற்கடித்தார்கள். ஜெயித்த நாய் எதுவும் எஜமானன் ஆகிவிடவில்லை. ஆடிய பிறகு அவை மனிதர் சொல்லுக்கு இன்னும் அதிகமாகவே காது கொடுத்தன. விளையாட்டுக் குணம் மிகுந்தவை ஜெயித்த பிறகு, 'வா, இன்னொரு தடவை' என்று கூப்பிட்டன, அவ்வளவுதான்.

"ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆடத் தெரிந்துகொண்டு ஆடுங்கள்" என்று அனுப்பினார்.

வீடு திரும்பும் வழியில் கடற்கரைக்குப் போனேன். எங்கள் கரையில் முன்பிருந்த மணல் இப்போது இல்லை. தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களில் அலைதடுப்புச் சுவர் எழுந்த பிறகு வடக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்தது. மிஞ்சிய மணல் திட்டில் அன்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், கவனித்ததில்லை. இரண்டு வரிசையாக ஆட்கள். நடுவே கடலில் வலை. யாரும் வெட்டி இழுக்கவில்லை. குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னே சாய்த்து நிற்கிறார்கள். அலை திரும்பும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அலை வரும்போது அதன் வேகத்தோடு சேர்ந்து நடக்கிறார்கள். ஒரு குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். உப்பிலி என் காலடியில் உட்கார்ந்து காதை நிமிர்த்திக்கொண்டு கயிற்றையே பார்த்தது.

ஓரமாகக் கிடந்த வலைக்கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்தேன். பழந்துணியைவிட இது உறுதி, நாய்க்கு நல்லது என்று எனக்கு ஒரு யோசனை.

"நாய்க்கா ஐயா? அதைக் கொடுக்காதீர்கள்" என்றார் கரையில் இருந்த பெரியவர். "நைலான். கடிக்கக் கடிக்க நூல் நூலாய்ப் பிரிந்து உள்ளே போய்விடும். எங்கள் பக்கத்தில் ஒரு நாய் அதனால்தான் செத்தது."

மறுநாள் இதை டாக்டர் அம்மாளிடம் சொன்னபோது, பெரியவர் சொன்னது முற்றும் உண்மை என்றார். விழுங்கிய நூலின் ஒரு முனை வயிற்றிலோ நாக்கடியிலோ சிக்கிக்கொண்டால், மறு முனை குடலோடு போய்க்கொண்டே இருக்கும். கிழவிகள் இடுப்பில் செருகும் சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் பை சுருங்குகிறதல்லவா? குடல் அப்படிச் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். நாய் வாந்தி எடுத்துத் தீனி தொடாமல் படுத்துவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நூல் பின்பக்கம் வெளியே தெரிந்தாலும் கையால் இழுத்துவிடக் கூடாது. கடற்கரையில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் கிடைத்தது: நாய் களைத்துப் போய்க் கடல் தண்ணீரைக் குடித்துவிடும், அந்த உப்பு அதற்கு விஷம். ஆகவே நல்ல தண்ணீர் கையோடு கொண்டு போக வேண்டும். உப்பிலி என்ற பெயரின் பொருத்தம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வீட்டில் பயிற்சி தொடங்கினோம். கயிறுக்கு என் மனைவி பழைய நூல் புடவை ஒன்றை மூன்றாகக் கிழித்துச் சடை போலப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். இரண்டு முழ நீளம்; நாய் எவ்வளவு மேலேறிக் கவ்வினாலும் கைக்கு எட்டாது. கூடத்தை விட்டு மண் தரையான கொல்லைக்குப் போனோம். காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலையில். உடம்பில் வியர்க்காத பிராணி அது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது 'விடு' என்ற ஒரு சொல். அது நாய்க்குக் கஷ்டமாக இருக்கவில்லை, எனக்குத்தான் இருந்தது. பிடுங்கிப் பழகின கை பிடுங்கத்தான் பார்க்கும். செய்ய வேண்டியது இதுதான்: இழுப்பதை நிறுத்திவிட்டு, கயிற்றை முழங்காலோடு சேர்த்து அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். உயிர் போன கயிற்றில் நாய்க்கு ருசி இல்லை. மறு கையில் ஒரு இட்லித் துண்டு. அதைப் பார்த்து வாய் திறக்கும் அந்த நொடியில் 'விடு' என்று மெதுவாகச் சொல்லி, இட்லியைக் கொடுத்து, உடனே, தாமதம் இல்லாமல், 'பிடி' என்று கயிற்றையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விட்டால் போய்விடும் என்று பயந்த நாய் கெட்டியாகப் பிடிக்கும். விட்டால் திரும்பி வரும் என்று கண்ட நாய் சந்தோஷமாக விடும். நான்கைந்து நாளில் இட்லிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்புறம் மற்றவை தாமாகவே வந்தன. கயிறு நாயின் தலைமட்டத்தைவிட மேலே போவதில்லை. பலமெல்லாம் அதனுடையது, நான் பிடித்துக்கொண்டு மெள்ளப் பக்கவாட்டில் அசைப்பதோடு சரி. அரை நிமிஷம் ஆட்டம், பிறகு ஒரு 'விடு'. பல் தோலில் பட்டால், தெரியாமல் பட்டாலும், சத்தம் போடாமல் கயிற்றை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். உறுமலுக்குப் பயப்படுவதில்லை. உடம்பு தளர்ந்து, வால் ஆடி, கண் சிரித்துக்கொண்டு உறுமுவது ஆட்டத்தின் சங்கீதம். உடம்பு விறைத்து, அசைவு நின்று, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் அது சங்கீதம் அல்ல. அப்போது கிட்டே போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தன் தீனிக்கும் பொருளுக்கும் காவல் இருந்து சீறும் நாயோடு இந்த ஆட்டமே, தகுந்தவர்களைக் கலந்துகொள்ளாமல், கூடாது என்று டாக்டர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகள் கயிற்றைத் தொடுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் கயிறு பரண் மேல் ஏறிவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்து தூண்டிவிட்டதை என் தாயாரிடம் நான் ஒப்புக்கொண்டது பத்தாம் நாள் இரவு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. உப்பளத்துப் பேச்சையும் எடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை நான் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறம் ஏதோ உறுமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாயைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று சொல்லும் என் தாயார், துவைகல் மேல் உட்கார்ந்துகொண்டு, பின்னல் கயிற்றின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மறு முனையில் உப்பிலி. ஊன்றிய பின்னங்கால்கள் மண்ணில் பள்ளம் பறித்திருந்தன.

"விடு" என்றாள் அவள், கோலப் பொடி எடுத்துவரச் சொல்லும் குரலில். விட்டது.

"பிடி."

பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். கயிற்றைக் கீழே போடவில்லை.

"நல்ல புடவையைக் கிழித்திருக்கிறாளே உன் அகமுடையாள்! என் பெட்டியில் கிழிந்ததே இரண்டு இருக்கிறது. கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.